தொப்பை பேசிய ஆறு விநாடி

காலை பத்து மணிக்கு வந்த பெண், கையில் இருந்த துணிப்பையை மேசைமேல் வைக்கவில்லை. மடியில் வைத்து, அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்தாள். உள்ளே இருப்பது எந்த நேரமும் பேசிவிடும் என்று பயப்படுகிறவளைப் போல இருந்தது அவள் முகம்.

"பொம்மை வடிவமைக்கிறது என் தொழில் சார்," என்றாள். "நாளைக்குக் காலையில என்மேல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறாங்க. ஒரு குழந்தையைப் பேச்சில்லாம ஆக்கிட்டேனாம்."

எதிரே இருந்தவர் சர்வேயர். தீப்பிடித்த கிடங்கு, கவிழ்ந்த வண்டி, இடிந்த சுவர் என்று இருபத்தாறு வருடம் அலைந்து, எது விபத்து எது ஜோடனை என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கீழ்த்தளத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவர் மனைவியின் தம்பி, யாராவது மாடிப்படி ஏறினால் போதும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவான். இப்போதும் மூச்சு வாங்கக் கதவோரம் நின்றிருந்தான்.

"பொம்மையை எடுங்கம்மா," என்றார் சர்வேயர்.

உருண்டையான கரடி ஒன்று வெளியே வந்தது. உடம்பில் முக்கால்வாசி வயிறுதான்.

"பேரு தொப்பை. வயித்தை அழுத்தினா பாடும், கதை சொல்லும், கேள்வி கேட்டா பதில் சொல்லும். இருட்டானா வயித்துக்குள்ள விளக்கு எரியும். தூக்கினா, ஆட்டினா, எல்லாமே அதுக்குத் தெரியும். இருநூத்திப் பன்னிரண்டு வாக்கியம் நானே பேசிப் பதிவு பண்ணினேன். அதோட குரல் என் குரல்தான். கொஞ்சம் கீச்சுன்னு மாத்தியிருக்கோம்."

சோதனைக்காக ஆறு குழந்தைகளுக்கு ஆளுக்கொரு தொப்பையைக் கொடுத்து மூன்று நாள் வீட்டில் வைத்து விளையாட விட்டிருந்தார்கள். வீட்டுக்கு, பள்ளிக்கு, எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். நேற்றுக் காலை எல்லாரையும் கம்பெனிக்கு வரவழைத்தார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள். இந்தப் பக்கம் பெரியவர்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று தன் தொப்பையை இறுக்கி அணைத்தாள். தொப்பை பேசியது.

"என்ன சொல்லுச்சு? ஒரு எழுத்து மாறாம எழுதுங்க."

அவள் எழுதினாள். *கிட்ட போய் அழுதா மறுபடியும் உள்ளதான். நூறு எண்ணு. அது வரைக்கும் சத்தமே வரக்கூடாது.*

மைத்துனன் எட்டிப் பார்த்துப் படித்தான். அவன் முகத்தில் இருந்த உற்சாகம் வடிந்தது.

"குழந்தை மேசைக்கு அடியில போய் ஒடுங்கிட்டா. பாவாடையெல்லாம் நனைஞ்சு போச்சு. நேத்திலிருந்து ஒரு வார்த்தை பேசல. நான் அப்படி ஒண்ணைப் பதிவு பண்ணவே இல்ல சார். ஆனா கேட்டா நான் சொன்ன மாதிரியே இருக்கு." அவள் கரடியின் வயிற்றைத் தொட்டாள். "அதுக்கப்புறம் நூறு தடவை அழுத்திப் பார்த்துட்டேன். பாட்டுதான் பாடுது."

"கம்பெனியில உங்களுக்கு ஆகாதவங்க யாரு?"

"சர்க்யூட்னு கூப்பிடுவோம். உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அவர் வேலை. அவர் ஆசையா செஞ்ச ஒரு விளையாட்டை நான் வேண்டாம்னு எடுக்கச் சொல்லிட்டேன். ரெண்டு மாசமா முகம் கொடுத்துப் பேசுறதில்ல."

"ஆளு கிடைச்சாச்சு அத்தான்," என்றான் மைத்துனன்.

சர்வேயர் அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "உங்க பொம்மை குழந்தைங்களை எப்படிக் கூப்பிடும்மா? நீயா, நீங்களா?"

"எப்பவும் 'வாங்க, போங்க'தான். அது என் கண்டிஷன்."

"இதுல 'எண்ணு'ன்னு இருக்கு. அது கிடக்கட்டும். குழந்தையைப் பயமுறுத்தணும்னு ஒருத்தன் உட்கார்ந்து யோசிச்சா பேய், பூதம்னு எழுதுவான். 'மறுபடியும்'னு ஏன் எழுதுறான்? முதல் தடவைன்னு ஒண்ணு நடந்திருந்தாத்தானே மறுபடியும்?"

சர்வேயர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. சோதனை அறையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை எல்லாரும் விளையாட்டு அக்கா என்றார்கள். நேற்று நடந்ததை அவளே சொன்னாள்.

"அவ நல்லாத்தான் விளையாடிட்டிருந்தா. அடுத்த சோதனைக்காக நான்தான் விளக்கை அணைச்சேன், இருட்டுல வயித்து விளக்கு சரியா எரியுதான்னு பார்க்க. மத்த பசங்க 'ஹோ'ன்னு கத்தினாங்க. இவ மட்டும் பொம்மையை அப்படியே நெஞ்சோட சேர்த்து நசுக்கிட்டா. அப்பதான் அது 'கிட்ட போய் அழுதா'ன்னு ஆரம்பிச்சுது."

"பொம்மை எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"என் கைக்கு வரவே இல்லையே. அம்மா குழந்தையையும் பொம்மையையும் சேர்த்துதான் கூட்டிட்டு வந்தாங்க. நேரா இந்த அறைக்கு."

சர்க்யூட் ஒல்லியான, தூக்கம் கெட்ட மனிதன். கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொன்னான். "நான் ஒண்ணும் பண்ணல. ஆறு பொம்மையும் ஒரே மாதிரிதான். எதுலயும் வேற எந்தப் பதிவும் கிடையாது."

"அப்ப திறந்து பார்த்தா தப்பில்லையே?" என்றார் சர்வேயர்.

சர்க்யூட் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் அந்தக் குழந்தையின் தொப்பையைக் கவிழ்த்துப் போட்டு முதுகுத் தையலைப் பிரித்துவிட்டான். பஞ்சுக்குள் விரலை விட்டு மின்சுற்றுப் பலகையை வெளியே இழுத்தான். பிறகு அலமாரியில் இருந்த இன்னொரு தொப்பையையும் பிரித்தான். இரண்டு பலகையையும் அருகருகே வைத்தான்.

"அத்தான், அது நீலப் பலகை. இது பச்சை. ரெண்டும் வேற வேற."

சர்க்யூட் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். வடிவமைப்பாளர் அவன்மேல் பாய்ந்துவிடுவாள் போலிருந்தது. சர்வேயர் கையை நீட்டித் தடுத்தார்.

"சொல்லுங்க தம்பி. உங்களைத் தூக்கில போட நாங்க வரல."

"நீலப் பலகையில ஒண்ணு கடைசி நேரத்துல புகைஞ்சு போச்சு சார். கையில இருந்த பழசை வெச்சுத் தைச்சுட்டேன். அதுல கிளி இன்னும் இருக்கு."

"கிளியா?"

"மேடம் எடுக்கச் சொன்ன விளையாட்டு. வயித்தை நாலு விநாடி விடாம இறுக்கினா, இறுக்க ஆரம்பிச்ச நொடியிலிருந்து ஆறு விநாடி காதுல விழுறதைப் பிடிச்சு வெச்சுக்கும். அடுத்த தடவை அதே மாதிரி இறுக்கினா தன்னோட குரல்ல திருப்பிச் சொல்லும். சொன்னதும் அழிஞ்சிடும். யார் பேசினாலும் தொப்பை பேசின மாதிரியே இருக்கும்."

வடிவமைப்பாளர் மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப அது... யாரோ பேசினது."

"யாரோ நேர்ல சொன்னது," என்றார் சர்வேயர். "அந்தக் குழந்தைகிட்ட. தம்பி, இதுக்குள்ள வேற ஏதாவது பதிவாகுமா?"

சர்க்யூட் பலகையைக் கணினியில் இணைத்தான். திரையில் எண்கள் ஓடின. இருட்டு, வெளிச்சம், அசைவு, அழுத்தம், அந்த நாலும்தான். "பழைய பலகையில கடிகாரம் ஓடாது சார். எவ்வளவு நேரம்னு சொல்லும். எத்தனை மணிக்குன்னு சொல்லாது."

மூன்று நீண்ட இருட்டுகள் இரவுகள். பொம்மை அசையாமல் கிடந்திருந்தது. அவை தவிர வேறு மூன்று இருட்டுகள் இருந்தன. முதலாவது இருபது நிமிடம். இரண்டாவது முப்பத்தைந்து. மூன்றாவது ஐம்பத்தொன்று. அந்த மூன்றிலும் பொம்மை சும்மா இருக்கவில்லை. சின்னச் சின்னதாக, ஒரே சீராக, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பையில வெச்சு நடந்திருப்பாங்களோ?" என்று கேட்டான் மைத்துனன்.

"ஐம்பது நிமிஷமா ஒரே இடத்துலயா? அது நடையில்ல." சர்வேயர் தன் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாக முன்னும் பின்னும் ஆடிக் காட்டினார்.

விளையாட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணாவது இருட்டோட ஆரம்பத்துலதான் அந்த நாலு விநாடி அழுத்தம் இருக்கு," என்றான் சர்க்யூட். "விளையாட்டா அழுத்தினா இவ்வளவு பலம் விழாது சார்."

"கட்டிப் பிடிச்சிருக்கா," என்றார் சர்வேயர். "இருட்டுல யாரோ அவளைப் போட்டுப் பூட்டுறாங்க. ஒவ்வொரு நாளும் நேரம் கூடிக்கிட்டே போகுது. பள்ளிக்கூடமா, வேனா, வீடா, தெரியல. குழந்தை இப்ப எங்க இருக்கா?"

"வீட்டுல. அம்மா நேத்து ராத்திரி லீவு போட்டாங்க. ஆனா அவங்க ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன், இன்னிக்கு ஆறு மணிக்கு நைட் டூட்டிக்குப் போயே ஆகணும்னாங்க," என்றாள் விளையாட்டு அக்கா.

சர்வேயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

வீடு ஒரு அடுக்குமாடியின் முதல் தளத்தில் இருந்தது. கதவைத் திறந்த இளைஞனின் கழுத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது. குழந்தையின் சித்தப்பா. அண்ணன் லாரி ஓட்டப் போய் ஒரு வாரம் ஆகிறது, தான் இங்கேயே தங்கி வேலை பார்ப்பதாகச் சொன்னான். கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றதும் முகம் சிவந்தது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உட்காருங்க. கோபம் உங்க மேல இல்ல. பச்சைப் பிள்ளைகிட்ட பேசுற பேச்சா சார் அது? 'அம்மாகிட்ட போய் அழுதா மறுபடியும் உள்ளதான்'னு! கேட்டதும் எனக்கே நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு. அந்தக் கருமத்தைக் கொளுத்திப் போடுங்க முதல்ல. புகார் கொடுத்தே தீரணும்னு அண்ணிகிட்ட நான்தான் சொன்னேன்."

"நீங்க நேத்து அங்க வந்திருந்தீங்களா?"

"எங்க? எனக்குப் பகல்லதான் தூக்கம். போன்ல வாடிக்கையாளர் குறை கேட்கிற வேலை. ஆறே முக்காலுக்கு லைன்ல உட்காரணும். பின்னால சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் மார்க்கைக் குறைச்சுடுவான். மூணு தடவை குறைஞ்சா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

உள்ளறையிலிருந்து தாய் வந்தாள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே குழந்தை வந்தது. பெரிய கண்கள். உதடுகள் ஒட்டிப்போனவை போல இறுகி இருந்தன. மைத்துனன் மண்டியிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து மிட்டாய் எடுப்பதுபோல் வித்தை காட்டினான். குழந்தை அவனைப் பார்க்கவே இல்லை. ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சர்வேயர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தாய் சமையலறைக்கு நடந்தபோது அவரும் கூடவே போனார். நடைபாதைச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு சாமான் அலமாரி இருந்தது. வீட்டில் மற்ற அலமாரிகளுக்கெல்லாம் வெறும் கைப்பிடிதான். இதற்கு மட்டும் வெளியே ஒரு தாழ்ப்பாள். திருகாணிகள் பளபளவென்று புதிதாக இருந்தன. கூட வந்த குழந்தை நடைபாதையின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. தாய் கூப்பிட்டும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"தாழ்ப்பாள் புதுசா?"

"எலி வருதுன்னு தம்பிதான் போன மாசம் போட்டாரு."

சர்வேயர் தண்ணீரைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தபோது அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "அம்மா, கம்பெனிக்காரங்க நேர்ல மன்னிப்புக் கேட்கணும்னு ஆசைப்படுறாங்க. அஞ்சு மணிக்குக் குழந்தையோட வாங்க. தம்பியும் வரட்டும். அவர்தானே விடாம நியாயம் கேட்கிறவர்?"

தெருவில் இறங்கியதும் மைத்துனன் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "அத்தான், அந்த அலமாரி! ஆனா அம்மாவும் அதே வீட்டுலதானே இருக்காங்க. ரெண்டு பேர்ல யாருன்னு எப்படிச் சொல்றது?"

"அது தெரிஞ்சு போச்சு," என்றார் சர்வேயர். "நீ முதல்ல குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போடு."

ஐந்தே கால் மணிக்குச் சோதனை அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம், எல்லா விளக்குகளும் எரிய, குழந்தை விளையாட்டு அக்காவுக்கு அருகில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. தாயால் அவளைப் பார்க்க முடிந்தது. அவளுக்கு இவர்களைத் தெரியாது.

சர்வேயர் முதலில் பச்சைப் பலகையைக் காட்டினார். சர்க்யூட் எழுந்து நின்று, தன் தவறை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். கிளி என்றால் என்ன, அந்தக் குரல் யாரோ பேசியதன் எதிரொலி என்பது தாய்க்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுகிட்ட யார் அப்படிச் சொன்னது?"

"அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்விம்மா. நேத்து பொம்மை சொன்னதை வீட்டுல போய் எப்படிச் சொன்னீங்க?"

"கேட்ட மாதிரியேதான். 'கிட்ட போய் அழுதா மறுபடியும் உள்ளதான்'னு. யார்கிட்ட போய் அழுதான்னு எனக்கே விளங்கல. 'கிட்ட' வந்து அழுதான்னு அர்த்தமோன்னு கூட நினைச்சேன்."

"இங்க கேட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஏன்னா, பொம்மைக்கு அவ்வளவுதான் தெரியும். குழந்தை இறுக்கின நொடியிலிருந்துதான் அது கேட்கும். அதுக்கு முன்னால சொன்ன சொல் பதிவாகல. அந்தச் சொல் என்னன்னு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். கேட்ட குழந்தைக்கும், சொன்னவருக்கும்." அவர் மெதுவாகத் திரும்பினார். "தம்பி, இன்னிக்கு மத்தியானம் உங்க வாயால அந்தச் சொல்லை என்கிட்ட சொன்னீங்க. 'அம்மாகிட்ட போய் அழுதா.'"

சித்தப்பா சிரித்தான். "என்ன சார் இது! அண்ணி சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை முன்ன பின்ன வராதா?"

"வரும். 'அப்பாகிட்ட'ன்னு வரலாம், 'டீச்சர்கிட்ட'ன்னு வரலாம். உங்களுக்கு 'அம்மாகிட்ட'ன்னு வந்துச்சு. அது ஒண்ணை வெச்சு நான் யார்மேலயும் பழி போடமாட்டேன். எலிக்குப் பயந்து போட்ட தாழ்ப்பாளுக்கு எலியைக் கேட்கணும். அந்த அலமாரியில தின்பண்டம் எதுவும் இருக்கா?"

"பழைய பாயும் பெட்டியும்தான்," என்றாள் தாய். அவள் கண் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

"அப்ப எலிக்கு அங்க என்ன வேலை? ஆறே முக்காலுக்கு யார் வீட்டுல சின்னச் சத்தம்கூட வரக்கூடாது? இன்னும் வேணும்னா அலமாரி உள்பக்கம் பார்த்துடலாம். ஐம்பத்தொரு நிமிஷம் உள்ளே இருந்த குழந்தையோட கை கதவுமேல படாம இருந்திருக்காது."

அந்த எண் விழுந்ததும் சித்தப்பாவின் சிரிப்பு அணைந்தது. "ஐம்பத்தொண்ணா? அவ்வளவு நேரமெல்லாம் இல்ல. ஒரு போன் கால் இழுத்துடுச்சு, மறந்துட்டேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினான். "நான் அவளை அடிச்சதே இல்ல அண்ணி. ஒரு அடி கூட. ரெண்டு தடவை மார்க் போயிடுச்சு. மூணாவது போனா வேலை போயிடும். நூறு எண்ணிட்டு இருன்னு விளையாட்டு மாதிரிதான்..."

"அவளுக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்," என்றாள் தாய்.

மைத்துனன் கதவை அடைத்தாற்போல் நின்றுகொண்டான். அவசியமே இருக்கவில்லை. சித்தப்பா எழுந்திருக்கவில்லை. சிறிது நேரத்தில் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியும் ஒரு போலீஸ்காரப் பெண்ணும் வந்தார்கள். அவன் அவர்களோடு பக்கத்து அறைக்குப் போனான். போகும்போது அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. லாரியில் எங்கோ இருந்த கணவனுக்குப் போன் செய்து, "உடனே வாங்க, வந்ததும் சொல்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். இன்று வரமுடியாது என்றாள். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. சொல்லாமல் துண்டித்தாள்.

"ஒவ்வொரு நாளும் காலையில வந்து, 'சமத்தா இருந்தியா'ன்னு கேட்பேன் சார்," என்றாள் சர்வேயரிடம். "தலையை ஆட்டுவா. நானும் சந்தோஷமா தூங்கப் போயிடுவேன்."

அவர் எழுந்தார். கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டார்.

தாய் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தூக்கவில்லை. கட்டைகளுக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள். "எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுடா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நீ யாருக்கும் எதையும் மறைக்க வேண்டாம்."

குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. மறுபடி தாயைப் பார்த்தது. உதடு கோணியது. முதலில் ஒரு விக்கல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு, இரண்டு நாளாக அந்தச் சின்ன நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒன்றாக வெளியே கிளம்பியது. மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி குழந்தை அலறி அழுதது. அடுக்கிய கட்டைகள் சரிந்தன. பக்கத்து அலுவலகத்திலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

விளையாட்டு அக்கா பழக்கதோஷத்தில் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள்.

வடிவமைப்பாளர் எழுந்து போய், எட்டிப் பார்த்தவர்களிடம், "கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும். எவ்வளவு நேரமானாலும் இருக்கட்டும்," என்றாள்.

தாய் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். ஒருவரும் குழந்தையை அழாதே என்று சொல்லவில்லை.